கருங்கலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்கு: காரா, ரயிலா என்று முடிவு செய்வது எப்படி

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தால், ஆர்டர் கையில் வந்த அன்றைக்கே கார் பேச்சும் வந்துவிடுகிறது. "அக்கா, லோன் கிடைக்கும்னு சொல்றாங்க, ஒரு சின்ன வண்டி எடுத்திரட்டா?" என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். ஃபோனில் அவர்களுக்கு அரைமணி நேரம் சொன்னதை எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்குப் பக்கம். வேலை, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில், லேப் டெக்னீஷியன். பதினாறு வருடமாகப் போய் வருகிறேன். அதில் ஒன்றரை வருடம் காரில் போனேன். மற்ற வருடங்கள் எல்லாம் ரயில்தான், இடையிடையே பஸ். ஆகவே இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

கார் வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ரயில் நின்றது. களியக்காவிளையில் தமிழ்நாடு-கேரள எல்லையை அடைத்தார்கள். அப்புறம் இ-பாஸ் வந்தது, எல்லை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஆனால் சீசன் டிக்கெட்டில் போகிற மாதிரி ரயில் பல மாதம் வரவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கோ அந்தச் சமயத்தில்தான் வேலை அதிகம். வெளிநாட்டில் இருக்கிற என் வீட்டுக்காரர், "ஒரு பழைய கார் வாங்கிரு, பணம் அனுப்பறேன்" என்றார். வாங்கினோம். அன்றைக்கு அது சரியான முடிவு. ரயில் திரும்ப வந்த பிறகும் பழக்கத்தினால் காரிலேயே போய்க்கொண்டிருந்தேன். அதைத்தான் சரி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு நோட்டு

காரா ரயிலா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய முடியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் காரில் போங்கள். கார் இல்லையென்றால் சொந்தக்காரரிடம் கேட்டோ, காரில் போகிறவர் யாருடனாவது சேர்ந்தோ போங்கள். அடுத்த இரண்டு வாரம் ரயிலில். தினமும் நாலு நேரம் எழுதுங்கள்: வீட்டு வாசலை விட்ட நேரம், வேலை இடத்தில் உட்கார்ந்த நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம்.

வாசலிலிருந்து வாசலுக்கு எழுத வேண்டும் என்பது முக்கியம். "குழித்துறையில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் தம்பானூர்" என்று, அதாவது திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று, ரயிலில் போகிறவர் சொல்வார். வீட்டிலிருந்து குழித்துறைக்குப் போகிற இருபது நிமிடம் அதில் இல்லை. "காரில் ஒரு மணி நேரம்தான்" என்று கார்காரர் சொல்வார். பார்க்கிங் தேடிய கால்மணி நேரம் அதில் இல்லை. இருவரும் பொய் சொல்லவில்லை, நடுவில் உள்ளதை மட்டும் சொல்கிறார்கள்.

என் நோட்டில் வந்த கணக்கு இது. காரில் காலை ஒரு மணி நாற்பது நிமிடம், சாயங்காலம் இரண்டேகால் மணி நேரம். ரயிலில் காலை இரண்டு மணி பத்து நிமிடம், சாயங்காலம் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் காரில் நாள் ஒன்றுக்கு 40 நிமிடம் மிச்சம். ரயில்தான் வேகம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் அதே நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கையும் கண்ணும் உங்களிடம் இருந்த நேரம் எவ்வளவு? காரில் பூச்சியம். மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிளச்சிலேயே கால். ரயிலில் போக வர இரண்டு மணி நேரம் பக்கம் எனக்கே எனக்கு. மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கை அந்த நேரத்தில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். பீன்ஸ் ஆய்ந்து கவரில் போட்டு வருகிற அக்காக்கள் இருக்கிறார்கள். தூங்குகிறவர்கள் தூங்குகிறார்கள்.

தூக்கம் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம், காலை ஆறு மணி டூட்டி முடித்து வந்து கொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரை தாண்டி அமரவிளை பாலத்துக்குப் பக்கத்தில் கண் அசந்துவிட்டது. எதிரே வந்த லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. வண்டி ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள், முக்கியமாக நர்ஸ், டெக்னீஷியன் பிள்ளைகள், காசுக் கணக்குக்கு முன்னால் இதை யோசியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த உடம்பு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வண்டி ஓட்டத் தயாராக இருக்காது.

காசு

என் வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போக வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இந்த நெரிசலில் என் கார் லிட்டருக்கு 15 கொடுத்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 6 லிட்டர். கணக்குக்கு எளிதாக லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய். மாதம் 24 நாள் வேலை: 14,400. பார்க்கிங் நாள் ஒன்றுக்கு ஐம்பது என்றாலும் 1,200. சர்வீஸ், டயர், இன்சூரன்சுக்கு மாதம் 2,000 எடுத்து வைக்கத்தான் வேண்டும். ஆக 17,600. கடன் தவணை இதில் இல்லை.

ரயில் பக்கம்: வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர் பெட்ரோல் மாதம் 960, ஸ்டேஷனில் ஸ்கூட்டர் நிறுத்த 240, தம்பானூரிலிருந்து டவுன் பஸ் 960, சீசன் டிக்கெட் சில நூறு. எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்ப் பக்கம். முதல் சம்பளம் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் வாங்குகிற பிள்ளை இந்த இரண்டு தொகையையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

காரில் போகிற நாட்களுக்கு ஒரு சிறிய விஷயம்: எல்லைக்கு இந்தப் பக்கமே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். கேரளத்தில் விலை அதிகம். 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்த்தார்கள். களியக்காவிளைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் கேரள நம்பர் வண்டிகள் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ரோட்டில் நேரம் எங்கே போகிறது

மார்த்தாண்டம் மேம்பாலம் வந்த பிறகு பம்மத்திலிருந்து குழித்துறை வரை பெரிய ஆறுதல். இரும்பில் கட்டிய பாலம், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளம். முன்பு மார்த்தாண்டம் ஜங்ஷனைத் தாண்ட அரைமணி நேரம் ஆன நாட்கள் உண்டு. ஆனால் பாலம் இறங்கியதும் பழைய ரோடுதான். களியக்காவிளையில் பஸ் திரும்புவது, சந்தை, பழ லாரி எல்லாம் ஒரே இடத்தில். பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை என்று ரோடு ஒற்றையாகவே போகும். பாலராமபுரம் ஜங்ஷன்தான் உண்மையான சோதனை. நாலு பக்கமும் கடை, கைத்தறிக்குப் பேர் போன ஊர், விழிஞ்ஞம் போகிற ரோடு அங்கேயே பிரிகிறது. காலை எட்டு மணிக்கு மேல் அங்கே மாட்டினால் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது. அதைத் தாண்டிக் கொடிநடைக்கு வந்தால் ரோடு அகலமாகி, பிராவச்சம்பலம், நேமம், கரமனை வரை வண்டி ஓடும். கரமனை பாலத்தில் மறுபடியும் நகர நெரிசல்.

ஆகவே காரில்தான் போவது என்றால் ஒரே ஒரு விதி: காலை ஏழரைக்குள் பாலராமபுரத்தைத் தாண்டிவிட வேண்டும். வேலை ஒன்பதுக்கு என்றாலும் அப்படித்தான். சீக்கிரம் போய் அங்கே கட்டன்சாயா குடித்துக்கொள்ளலாம்.

டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அந்த ஐ.டி. வளாகம் இருக்கிற கழக்கூட்டம் நகரத்துக்கு அந்தப் பக்கம். எல்லைக்கு அருகே உள்ள காரோடு என்ற ஊரிலிருந்து முக்கோலை, கோவளம், திருவல்லம் வழியாகக் கழக்கூட்டம் வரை பைபாஸ் இருக்கிறது. பாலராமபுரமும் கரமனையும் பார்க்காமலே போய்விடலாம். திருவல்லத்தில் டோல் கட்ட வேண்டும், அதை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழிக்குக் கார் நன்றாகவே ஒத்துவரும், மூன்று பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ரயிலில் போகிறவர்கள் தம்பானூரோடு நிற்காமல் கழக்கூட்டம் வரைக்கும் சீசன் எடுத்து, அங்கே நிற்கும் வண்டியைப் பார்த்து ஏறுங்கள்.

சேர்ந்து போவது பற்றி. சொந்தக் காரில் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை மாதிரி வாங்காதீர்கள், வெள்ளைப் போர்டு வண்டிக்கு அது சட்டப்படி சரியல்ல. மூன்று பேரிடமும் கார் இருந்தால் வாரம் ஒருவர் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சண்டையும் இல்லை. முன்கூட்டியே ஒன்று பேசிக்கொள்ளுங்கள்: யாராவது ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் வண்டி கிளம்பும். எங்கள் லேபில் இரண்டு கூட்டணி உடைந்தது இதைப் பேசாமல் விட்டதால்தான்.

ரயிலை எப்படிப் பிடிப்பது

நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரி வரை பாதை திறந்த வருடம் அது. அதுவரை ரயில் ஏற வேண்டுமென்றால் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ போக வேண்டும். அந்த முதல் நாட்களில் வெறுமனே வண்டி பார்க்கவே குழித்துறை ஸ்டேஷனுக்கு ஆட்கள் நடந்து போனதாக அப்பா சொல்வார். அந்தப் பாதையில் தினமும் போகிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

முதலில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். பக்கத்தில் உள்ளது எப்போதும் சரியான ஸ்டேஷன் ஆகாது. எனக்குப் பள்ளியாடி கிட்டே. ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அன்றைய நாள் கெட்டது. குழித்துறையில் எக்ஸ்பிரஸ்களும் நிற்கும். பத்து நிமிடம் கூடுதலாக ஸ்கூட்டர் ஓட்டினாலும் அதுதான் மேல். தக்கலை, திங்கள்சந்தை பக்கத்தவர்களுக்கு இரணியல். களியக்காவிளைக்கு அருகே உள்ளவர்களில் பலர் எல்லை தாண்டிப் பாறசாலையில் ஏறுகிறார்கள், அதுவும் நல்ல வழி. நாகர்கோவில்காரர்கள் ஜங்ஷனையும் டவுன் ஸ்டேஷனையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில வண்டிகள் கோட்டாற்றில் உள்ள ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே திருநெல்வேலிப் பாதையில் சேர்ந்துவிடும்.

அடுத்தது எந்த வண்டி. புதிதாக வருகிறவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இங்கேதான். கால அட்டவணையில் இரண்டு வண்டி அடுத்தடுத்து இருக்கும். ஒன்று நாகர்கோவிலிலோ கன்னியாகுமரியிலோ புறப்படுவது, மற்றது ராத்திரி முழுக்க ஓடி வருகிற தூரத்து வண்டி. பக்கத்தில் புறப்படுகிற வண்டியையே நம்புங்கள். தூரத்து வண்டி வழியில் எங்கோ பிடித்த தாமதத்தை நம் தலையில் இறக்கிவிடும். அதோடு நம் பாதையில் பெரும்பகுதி இன்னும் ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். இதைத்தான் சீசன்காரர்கள் "கிராசிங்" என்பார்கள். இரட்டைப் பாதை வேலை நடந்து வருகிறது. அது முடியும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் கையிருப்பு வைத்துத்தான் கிளம்ப வேண்டும். உங்கள் வேலை எட்டரைக்கு என்றால், தம்பானூருக்கு எட்டு பத்துக்கு வரும் வண்டி உங்கள் வண்டியல்ல, அதற்கு முந்தியதுதான்.

சீசன் டிக்கெட் கவுண்டரிலும் எடுக்கலாம், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம். செயலியில் எடுத்தால் மறுநாளிலிருந்துதான் செல்லும். ஞாயிறு மாலையே எடுத்து வைத்துவிடுங்கள், திங்கள் காலை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்கப் பார்க்காதீர்கள். பரிசோதகர் கேட்டால் செயலியைத் திறந்தே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஃபோனில் சார்ஜ் வேண்டும் என்பது இதற்காகவும்தான். சீசன் எடுக்கும்போது கொடுத்த அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு மூன்று மாதச் சீசன் எடுங்கள். ஒரு மாதத்தின் 2.7 மடங்குதான் விலை, கவுண்டரில் நிற்பதும் மிச்சம். முதல் மாதமே எடுக்க வேண்டாம்.

எந்தப் பெட்டியில் ஏறலாம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். சீசன் டிக்கெட் முன்பதிவில்லாத பெட்டிக்குத்தான். சிலீப்பர் காலியாகக் கிடக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தால் அபராதம். சில வண்டிகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு சிலீப்பர் பெட்டிகளைப் பொதுப் பெட்டியாக மாற்றிவிடுவார்கள். அந்தப் பெட்டி எது என்று பழைய சீசன்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஏற வேண்டும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டியில் போக வேண்டுமென்றால் சீசனோடு அதற்குரிய கூடுதல் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். வந்தே பாரத்தில் சீசன் செல்லவே செல்லாது.

இடம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. காலையில் குழித்துறையில் ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நின்றுதான் போக வேண்டும். நெய்யாற்றின்கரைக்கு மேல் காலை மாற்றி வைக்கவும் இடம் இருக்காது. பெண்கள் பெட்டி உள்ள வண்டி என்றால் அது எங்கே நிற்கும் என்று முதல் வாரமே பார்த்துவைத்து, நேராக அங்கே போய் நில்லுங்கள். இரண்டு வாரத்தில் முகங்கள் பழகும். பிறகு நீங்கள் வராவிட்டால் "என்ன மோளே, நேத்து கண்டில்லல்லோ" என்று சேச்சி ஒருவர் கேட்பார். நாகர்கோவிலில் ஏறுகிற அக்கா ஒருவர் பன்னிரண்டு வருடமாகப் பாறசாலையில் எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார். திரும்பி வரும்போது நான் அவருக்கு. எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு முதுகு வலி இருந்த காலத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்காமலே ஆரம்பித்த பழக்கம் அது.

இரண்டு முனைகள்

ரயிலை விட்டுவிட்டுக் காருக்குப் போனவர்களைக் கேட்டுப் பார்த்தால், பாதிப் பேருக்கு ரயில் பிரச்சினை இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், தம்பானூரிலிருந்து வேலை இடத்துக்கும் உள்ள அந்த இரண்டு துண்டுகள்தான் அவர்களை அலைக்கழித்தவை. அதைச் சரிசெய்துவிட்டால் மீதி தானாக ஓடும்.

வீட்டு முனைக்கு ஸ்கூட்டரே நல்லது. வெளுப்பான் காலத்தில், அதாவது விடியற்காலையில், பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது, திரும்பி வரும்போது ரயில் தாமதித்தால் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத பெண்கள் கார் கற்றுக்கொள்ளும் முன் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியே சொல்வேன். அதுவரை டவுன் பஸ் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. களியக்காவிளை வரைதான் அந்த இலவசம், கேரள பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அந்த முனையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரேயே கேரள அரசு பஸ் நிலையம். மெடிக்கல் காலேஜுக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஸ்டாச்சு, பாளையம், பட்டம் என்று நகரத்துக்குள் போகிறவர்கள் சிட்டி சர்க்குலர் பஸ்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் யாரிடமாவது உங்கள் இடத்துக்கு எந்த நிறம் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆட்டோவில் தினமும் போனால் ரயிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரையும். வேலை இடம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் என்றால் நடந்துவிடுங்கள்.

பஸ்ஸிலேயே முழுத் தூரமும் போகலாமா? போகலாம், மார்த்தாண்டத்திலிருந்து நம் பஸ்ஸும் கேரள பஸ்ஸும் ஓடுகின்றன. ஆனால் கார் மாட்டுகிற அதே பாலராமபுரத்தில் பஸ்ஸும் மாட்டும், ஆகவே ரயில் தவறிய நாளுக்கு மாற்று வழியாக வைத்துக்கொள்ளுங்கள். கேரள பஸ்ஸில் ஆர்டினரியில் ஏறினால் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். ஃபாஸ்ட் பாசஞ்சர் பார்த்து ஏறுங்கள்.

காலண்டரில் வட்டம் போட வேண்டிய நாட்கள்

சில நாட்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் ஓடாது. அவற்றை வருட ஆரம்பத்திலேயே குறித்து வைக்கிறேன்.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். ஊர்வலம் நம் ரோட்டிலேயே நடந்து போகும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. அந்த நாட்களில் கார் எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டால் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நிதானமாகப் போங்கள். திரும்பி வருகிற நாட்களும் அப்படியே.

ஆடி மாதம் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும்போது சாயங்காலம் பாலத்தில் வண்டி நகராது. ஸ்கூட்டரை ஸ்டேஷனில் விடுகிறவர்களும் ஒரு இருபது நிமிடம் கூட்டி வையுங்கள்.

மாசி மாதம் ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலைத் திருவிழா, பெண்கள் ரோட்டில் அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ரோட்டோரம் முழுக்க அடுப்புதான், கார் உள்ளே போகவே முடியாது. முந்தைய நாள் முதலே ரயிலில் கூட்டம் நெருக்கும். லேப் போன்ற இடங்களில் அன்றும் வேலை இருக்கும். விடிவதற்குள் போய்ச் சேர்கிற வண்டியில் போங்கள், இல்லாவிட்டால் முந்தைய இரவே அங்கே தங்கிவிடுங்கள்.

ஹர்த்தால் அன்று பஸ்ஸும் நிற்கும், காரும் போக முடியாது. ரயில் பெரும்பாலும் ஓடும். ஆனால் தம்பானூரில் இறங்கிய பிறகு நகர பஸ் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்ன பிறகு திடீர் ஹர்த்தால் குறைந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை தனி. 2021 நவம்பர் மழையில் நம் பாதையில் மண் சரிந்து தண்டவாளமே மூடி, ரயில்கள் நின்றன. குழித்துறைக்கும் பாறசாலைக்கும் இடையே ரயில் ஆழமான வெட்டுப் பள்ளங்களுக்குள்தான் போகிறது, சிவந்த மண், இரண்டு நாள் விடாமல் பெய்தால் பயம்தான். அப்படிப்பட்ட வாரங்களில் கிளம்பும் முன் வண்டி ஓடுகிறதா என்று ஃபோனில் பார்த்துவிடுங்கள். கார் இருக்கிறவர்களுக்கு அது பயன்படுகிற நாட்கள் அவை.

யாருக்குக் கார்

காரை விற்றுவிடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். என் பழைய கார் இன்னும் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. அம்மாவை மாதம் ஒருமுறை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போக அது வேண்டும். முழங்கால் வலியோடு அவர்களை ஓவர்பிரிட்ஜ் ஏறி இறங்கச் சொல்ல முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலை முடிகிறவர்கள், சின்னக் குழந்தையைக் காப்பகத்தில் விட்டு எடுக்க வேண்டியவர்கள், ஒரே நாளில் மூன்று நாலு இடம் சுற்றுகிற மெடிக்கல் ரெப் பிள்ளைகள் எல்லாருக்கும் கார் தேவைதான். ஸ்டேஷனிலிருந்து வெகுதூரம் தள்ளி அருமனை, குலசேகரம் மலையோரம் இருக்கிறவர்களுக்கும் ரயில் அவ்வளவு எளிதில்லை. அவர்கள் தினமும் கார் ஓட்டுவதைவிட, வாரத்தில் நாலு நாள் அங்கேயே ஹாஸ்டலில் தங்குவதற்கு எவ்வளவு ஆகும் என்றும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

என் சொந்தப் பழக்கம் இப்போது இப்படி: மாதத்தில் இருபத்தொரு நாள் ரயில், இரண்டு மூன்று நாள் கார். கார் எடுக்கிற நாளை முந்தைய ஞாயிறே முடிவு செய்துவிடுவேன். காலையில் எழுந்து சோம்பலில் "இன்றைக்குக் காரில் போய்விடலாம்" என்று சாவியை எடுப்பதில்லை. அப்படி ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் பழையபடி தினமும் காராகிவிடும், எனக்கு ஆகியிருக்கிறது.

நாளைக் காலையே ரயிலில் முயன்று பார்க்கப் போகிறவர்களுக்கு, பையில் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி விடுகிறேன். நனைந்தாலும் கெடாத ஒரு மெல்லிய மழைக்கோட்டு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வருடம் முழுக்க இருக்கட்டும், குடை மட்டும் போதாது. ஒரு பாட்டில் தண்ணீர். நாலு மட்டி வாழைப்பழம், நின்றுகொண்டே சாப்பிடலாம், கையில் ஒட்டாது. ஃபோன் சார்ஜர். சில்லறையாக ஐம்பது ரூபாய், கண்டக்டர் சேட்டன் காலை நேரத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்க மாட்டார். ஸ்கூட்டர் சாவியைப் பையின் உள் ஜிப்பில் போட்டு மூடிவிடுங்கள். சீசன் முடிகிற தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள், அதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு வட்டம்.